டப்பாவை ஒளித்து வைப்பவருக்கே வேலை அதிகம்!
உலகெங்கும் பரவிய 'புதையல்' விளையாட்டு

ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரு சிறு நோட்டு, ஒரு பென்சில், நாலைந்து அற்பப் பொருள்கள். இதை எங்கோ ஒரு மரப் பொந்தில் ஒளித்து வைத்துவிட்டு, "முடிந்தால் கண்டுபிடியுங்கள்" என்று உலகத்துக்கே அறிவிக்கிறார் ஒருவர். முன்பின் தெரியாதவர்கள் மேடு பள்ளம் ஏறி இறங்கி வந்து தேடுகிறார்கள். கிடைத்தால் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். பரிசு எதுவும் கிடையாது!

'ஜியோகேஷிங்' என்பது இந்த விளையாட்டின் பெயர். இதில் வரும் 'கேஷ்' என்ற சொல்லுக்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஒளித்து வைத்த பொருளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. இன்று உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

வாளியில் தொடங்கியது

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியால், நாம் நிற்கும் இடத்தைக் கையடக்கக் கருவி ஒன்று சொல்லிவிடும். அமெரிக்க ராணுவத்துக்காக அமைக்கப்பட்ட ஏற்பாடு இது. 1983-ல் வழி தவறிய தென் கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகே, பொதுமக்களும் இந்த வசதியைப் பயன்படுத்தலாம் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார்.

ஆனாலும் பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகும். ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவால் 2000-ம் ஆண்டு மே 2-ந் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது.

மறுநாளே டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். அதில் புத்தகங்கள், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின் முதலியவை இருந்தன. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். மூன்றே நாளில் இரண்டு பேர் தேடிப் பிடித்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் வாளி இன்றைய விதிகளின்படி செல்லாது! நிலத்தின் சொந்தக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. உணவுப் பொருள் வைக்கக் கூடாது. இரண்டுமே இப்போதைய சட்டம். உணவு வாசனைக்கு விலங்குகள் வந்து டப்பாவைக் கடித்துக் குதறிவிடும்.

முதல் வேலை அனுமதி

தேடுபவருக்கு அரை நாள் வேலை என்றால், ஒளிப்பவருக்கு வாரக் கணக்கில் வேலை. முதலில் இடம் பார்க்க வேண்டும். நிலத்தின் சொந்தக்காரரிடமோ, பூங்காவானால் நிர்வாகத்தினரிடமோ அனுமதி பெற வேண்டும். பள்ளிக்கூடம், விமான நிலையம், அணைக்கட்டு, ராணுவ இடங்களின் பக்கமே போகக் கூடாது. மற்றொரு டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இது ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்தது டப்பா. மழைத் தண்ணீர் புகாத, ரப்பர் விளிம்புள்ள மூடி அவசியம். ராணுவத்தார் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டிகளுக்குக் காட்டுப் பகுதிகளில் மவுசு உண்டு. ராணுவ எழுத்துக்களைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட வேண்டும். நகரத்தில் பிலிம் சுருள் டப்பாவே போதும். இது விளையாட்டுப் பொருள் என்பதை டப்பாவின் வெளியே எழுதுவார்கள். தற்செயலாக எடுப்பவருக்கு விளக்கம் சொல்லும் சீட்டு ஒன்றும் உள்ளே இருக்கும். ஈரத்தில் மை கலங்கும் என்பதால் பேனாவைவிடப் பென்சிலே நல்லது.

ஒரு புள்ளி தவறினால்...

மிகவும் கவனம் தேவைப்படுவது இடத்தைக் குறிப்பதில்தான். அட்சரேகையை டிகிரி, நிமிடம், நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதுவது வழக்கம். அட்சரேகையின் ஒரு நிமிடம் சுமார் 1,850 மீட்டர். ஆகவே கடைசி எண் ஒன்று தவறினால் சுமார் 2 மீட்டர்தான் தள்ளிப் போகும். புள்ளியை அடுத்த எண்ணில் ஒன்று தவறினாலோ, 185 மீட்டர்! ஆற்றங்கரையில் தேட வேண்டியவர் ஆற்றுக்கு மறுகரையில் நிற்பார்.

மரக்கிளைகளும் உயர்ந்த கட்டடங்களும் செயற்கைக் கோள் சைகையைச் சிதறடிக்கும். அதனால் அனுபவசாலிகள் ஒரே முறை பார்த்து எழுதுவதில்லை. சற்றுத் தூரம் நடந்து போய், வேறு திசையிலிருந்து திரும்பி வந்து மறுபடி அளக்கிறார்கள். இன்னொரு நாளும் வந்து அளந்து, சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு அறிவிப்பை எழுத வேண்டும். கண்டுபிடிக்கும் சிரமத்துக்கு 1 முதல் 5 வரை ஒரு மதிப்பு. பாதையின் சிரமத்துக்கு 1 முதல் 5 வரை இன்னொரு மதிப்பு. பாதைக்கு 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். 5 என்றால் படகோ, கயிறோ, வேறு தனிக் கருவியோ வேண்டும். இந்த மதிப்பைத் தவறாகப் போட்டால், முதியவர் ஒருவர் செங்குத்துப் பாறையில் மாட்டிக்கொள்ள நேரும்.

எழுதிய அறிவிப்பைத் தொண்டர் ஒருவர் சரிபார்க்கிறார். வரைபடத்தில் தூரத்தையும் இடத்தையும் பார்த்து, சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்பார். அவர் நேரில் வந்து பார்ப்பதில்லை. வைத்தவரின் நேர்மையை நம்பியே அறிவிப்பு வெளியாகிறது.

வெடிகுண்டு பீதி!

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் சந்தேகத்துக்கு இடமாக நடந்துகொண்ட ஒருவரைக் கண்டு போலீசாருக்குத் தகவல் போனது. கடைத்தெருவில் ஒரு மர்மப் பெட்டி! தெரு மூடப்பட்டது. ராணுவ நிபுணர்கள் வந்து பெட்டியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகுதான் அது விளையாட்டு டப்பா என்று தெரிந்தது.

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று ரயில் நிலையந்தோறும் ஒலிபெருக்கி முழங்கும் நம் நாட்டில், இந்த விஷயத்தில் இரட்டைக் கவனம் வேண்டும். சந்தை, பஸ் நிலையம், கோவில் வாசல் போன்ற இடங்களில் ஒளிக்கும் டப்பா யாருக்கும் விளையாட்டாக இராது. பெட்டியைக் கண்டு கூட்டம் மிரண்டு ஓடினால் நெரிசலில் உயிர் போகலாம். சொந்தக்காரர் சம்மதித்த தோட்டம், நிர்வாகம் அறிந்த பூங்கா என்றால் அந்தப் பயம் இல்லை.

அறிவிப்பு வெளியானதும் யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி தொடங்கும். நள்ளிரவில் டார்ச் விளக்குடன் ஓடுபவர்களும் உண்டு. ஆனால் ஒளித்தவரின் கடமை அதோடு முடிவதில்லை. மூடி உடைந்தால் மாற்ற வேண்டும். நோட்டு நிரம்பினால் புது நோட்டு வைக்க வேண்டும். அதனால்தான் சுற்றுலா போன ஊரில் டப்பா வைத்துவிட்டு வருவதை விதிகள் ஏற்பதில்லை. அலுத்துப் போனால் நேரில் போய் எடுத்து வந்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், அது காட்டில் கிடக்கும் இன்னொரு குப்பைதான்.