பூட்டிய கதவும் ரீடிங் தேதியும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர், வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்’ என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்தச் சுற்றுக்குத் தோராயமாக ஒரு பில் வரும். மீட்டர் பொய் சொல்லாது, அடுத்த ரீடிங்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறோம். மொத்த யூனிட்டைப் பொறுத்தவரை அது சரிதான்; ஓடிய யூனிட் எங்கும் தொலையாது. ஆனால் நம் கட்டணம் மொத்தத்தின் மீது போடப்படுவதில்லை. ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் 100 யூனிட் இலவசம், அதன்மேல் படிப்படியாக ஏறும் விலை என்ற அமைப்பில், ஒரு யூனிட் எந்தச் சுற்றின் கணக்கில் விழுகிறது என்பதே அதன் விலையைத் தீர்மானிக்கிறது. ரீடிங் எண்ணைப் போலவே ரீடிங் தேதியும் பணம்தான்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அமலான வீட்டு விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். பிறகு விகிதம் ஏறியிருக்கிறது, படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. ஒரு வீடு இரு சுற்றுகளிலும் 450 யூனிட் செலவழிக்கிறது. சுற்றுக்கு 1,425 ரூபாய் வீதம் மொத்தம் 2,850. இப்போது முதல் சுற்றில் கதவு பூட்டியிருந்து, 200 யூனிட் என்று தோராயமாகப் போட்டு 225 ரூபாய் வாங்கிவிட்டார்கள் என்று வையுங்கள். மிச்சம் 700 யூனிட்டும் அடுத்த சுற்றில் ஒன்றாக விழுந்தால் அதற்கு 3,650 ரூபாய். இரண்டும் சேர்த்து 3,875. ஒரு பல்புகூடக் கூடுதலாக எரியாமல் 1,025 ரூபாய் போய்விட்டது. 500 யூனிட்டைத் தாண்டியதும் மேல்படி விலை வருவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரை கிடைத்துவந்த 2 ரூபாய் 25 காசு சலுகை விகிதமும் சேர்ந்தே பறிபோகிறது. குறைவாக வந்த தோராய பில்லைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதற்கு நியாயமான தீர்வு என்ன என்பதை 2020 ஊரடங்கு காட்டியது. ரீடிங் எடுக்க ஆள் போக முடியாததால், முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னது மின்வாரியம். பிறகு நான்கு மாத ரீடிங்கை இரண்டாகப் பிரித்து, இரு சுற்றுக்கும் தனித்தனியே 100 யூனிட் இலவசம் தந்து, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தது. பணத்தைக் கழிக்கக் கூடாது, யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று வழக்கு போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடி செய்தது. மேலே உள்ள கணக்கில் யூனிட்டைக் கழித்ததால்தான் 700 என்ற பூதம் கிளம்பியது என்பதைக் கவனியுங்கள். 900-ஐ இரண்டாகப் பிரித்து 225 ரூபாயைக் கழித்தால் பாக்கி 2,625 மட்டுமே. ஆகவே இடையில் ஒரு சுற்று ரீடிங் விடுபட்டு பில் எகிறினால், பிரிவு அலுவலகத்தில் கேட்க வேண்டியது ‘குறைத்துப் போடுங்கள்’ என்பதல்ல, ‘இரண்டு சுற்றாகப் பிரித்துப் போடுங்கள்’ என்பதே.

சரிபாதியாகப் பிரிப்பது மட்டும் உண்மையா என்று கேட்கலாம். இல்லைதான். ஒரு சுற்றில் 500, மறு சுற்றில் 600 ஓட்டிய வீட்டுக்கு உண்மைக் கணக்கு 4,475 ரூபாய். 550, 550 என்று பிரித்தால் இரண்டுமே 500-ஐத் தாண்டி 4,700 ஆகிவிடும். பூட்டிய வீட்டுக்கு ஊழியர் என்ன செய்வார் என்ற கேள்வியும் நியாயமானதே. மீட்டரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊழியரைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: நாமே ரீடிங்கைத் தேதியோடு பதிந்து வைத்துக்கொள்வது. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020 இதற்கு இடம் தருகின்றன. அடுத்தடுத்து இருமுறை மீட்டரைப் பார்க்க முடியாமல் போனால், ரீடிங்கும் தேதியும் தெரியும் படத்தை, பதிவு செய்த கைபேசியிலிருந்தோ மின்னஞ்சலிலோ நுகர்வோரே அனுப்பலாம். அனுப்பியவருக்குத் தோராய பில் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் தோராய பில் போடவும் கூடாது. பேரிடர் போன்ற காரணமில்லாமல் அது இரண்டு சுற்றைத் தாண்டி நீண்டால், உண்மை ரீடிங்படி பில் வரும்வரை பணம் கட்ட மறுக்கலாம் என்றே விதி சொல்கிறது. மீட்டரின் வரிசை எண்ணும் படத்தில் விழட்டும். எண் இல்லாத படம் யார் வீட்டு மீட்டராகவும் இருக்கலாம்.

மீட்டரே பழுதானால் கதை வேறு. தமிழ்நாட்டின் 2004 மின்வழங்கல் விதித்தொகுப்புப்படி அதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரி போடப்படும். ஆனால் அந்த நான்கு மாதமும் இப்போதைய காலமும் பயன்பாட்டில் ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஏசி ஓடிய சித்திரை, வைகாசியை வைத்து மார்கழிக்குச் சராசரி போட்டால் ஆட்சேபிக்க இடமுண்டு.

இப்படி ஆட்சேபித்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயத்தில்தான் பலர் வாய்மூடிக் கட்டிவிடுகிறார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 56-வது பிரிவைப் படித்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்துமூல அறிவிப்பு தேவை. கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இதில் எது குறைவோ அதை ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க முடியாது. பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்குமேல் மின்குறை தீர்ப்பாளர். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்போவது எந்தத் தேதியில் எந்த ரீடிங் என்பதைத்தான்.