தூசிக்குத் தாங்கும் கணிப்பொறி



மிளகாய்த்தூள், மாவு, சாக்குத்தூசி பறக்கும் நம் கடைகளில் கணிப்பொறிக்கு முதல் தொல்லை, அதன் உள்ளே சுழலும் விசிறிதான். காற்றோடு தூசியையும் இழுத்து உள்ளே படியவிடும். விசிறி நின்றால் சூடேறி இயந்திரமும் நிற்கும். எங்கள் மண்டியில் பண்டிகை நேரத்தில் இப்படி நின்றுபோய், கையால் பில் எழுதினோம்.

மேசைக் கணிப்பொறிகளின் பிராசசர்கள் பல 65 வாட் வகை. 2023-ல் வந்த இன்டெல் என்100 பிராசசரோ 6 வாட் வகை. இந்தச் சிறு சூட்டை அலுமினியப் பெட்டியே வெளியேற்றிவிடும். விசிறி தேவையில்லை, சத்தமும் இல்லை. பில், சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்குக்கு இது தாராளம். மின்வெட்டில் யு.பி.எஸ். கூடுதல் நேரம் தாங்கும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

1. இதே பிராசசரை விசிறியோடும் விற்கிறார்கள். விசிறி இல்லாததா என்று கேட்டே வாங்குங்கள்.

2. சுழலும் ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. இருக்கட்டும்.

3. 6 வாட் என்பது பிராசசருக்கு மட்டுமே. திரை, பிரிண்டர் செலவு தனி.

வாங்கியபின் பெட்டியின்மேல் பேரேடுகளை அடுக்காதீர்கள். சூடு வெளியேற அந்த உடம்புதான் வழி. அதை மூடினால் விசிறி இல்லாத இயந்திரமும் திணறும். நம் கல்லாவில் வரிசை நிற்கும்.