அவதார் அலங்காரம்: செகண்ட் லைஃபில் ஓர் உருவம் அமையும் விதம்

செகண்ட் லைஃப் என்னும் இணைய உலகில் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு. அதற்குப் பெயர் அவதார். நடப்பது, பறப்பது, அரட்டை அடிப்பது, வீடு கட்டுவது, கடை வைப்பது எல்லாமே அதன் வழியாகத்தான். சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் மாதம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இந்த உலகத்தில், வெல்ல வேண்டிய போட்டியோ தாண்ட வேண்டிய கட்டமோ கிடையாது. தோற்றத்துக்கு இங்கே இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு அதுவே பெரிய காரணம். உருவத்தை வடிப்பது பலருக்கு மாதக்கணக்கில் நீளும் வேலை. உடையும் முடியும் செய்து விற்போருக்கு அது வருமானமும் கூட.

எந்த அவதாருக்கும் அடிப்படை நான்கு: உடலமைப்பு, தோல், முடி, கண். இவற்றை மாற்றலாமே தவிர, கழற்றி வைக்க முடியாது. நான்கிலும் உடலமைப்புக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். உயரம், தோள் அகலம், கழுத்து நீளம், மூக்கு, தாடை, உதடு என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை நகரும் ஒரு பட்டை உண்டு. எண்ணை மாற்றினால் உருவம் கண்முன்னே மாறும். புதியவர்கள் பெரும்பாலும் முகத்திலேயே மூழ்கிவிட்டு, உடல் அளவுகளை விட்டுவிடுகிறார்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல்நுனி தொடையின் நடுப்பகுதியைத் தொட வேண்டும். இடுப்போடு நின்றுவிட்டால் கை குட்டை என்று அர்த்தம். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே உருவத்துக்கு உயிர் வந்துவிடும். உயரமும் அப்படித்தான். பார்வைக் கோணம் அவதாரின் தலைக்குப் பின்னால் மேலிருந்து அமைவதால், கட்டடங்களையும் கதவுகளையும் பெரிதாகக் கட்டும் வழக்கம் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அதற்கேற்ப ஏழடி மனிதர்களும் அங்கே சாதாரணமாகிவிட்டார்கள்.

தோல் என்பது உடலின் மேல் சுற்றப்படும் ஓர் ஓவியம். தலை, மேலுடல், கீழுடல் எனத் தனித்தனிப் படங்களாக அது இருக்கும். அதன்மேல் பச்சை குத்திய கோலம், உள்ளாடை, சட்டை என்று அடுக்கடுக்காகப் படங்களைப் போடலாம். இவை அனைத்தும் ஒரே படமாக ஒட்டப்பட்ட பிறகே மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். 2013 வரை இந்த ஒட்டுவேலையை அவரவர் கணினியே செய்தது. இணைப்பு மந்தமாக இருந்தால், நன்றாக உடுத்தி வந்தவர்கூட அடுத்தவர் திரையில் வெறும் சாம்பல் உருவமாக நிற்க நேர்ந்தது. பிறகு அந்த வேலையை லிண்டன் லேப் தன் சர்வருக்கு மாற்றிக்கொண்டது.

பெரிய திருப்பம் 2011இல் வந்தது. வெளி மென்பொருள்களில் செய்த மெஷ் என்னும் முப்பரிமாண வடிவங்களை உள்ளே ஏற்ற அந்த ஆண்டு அனுமதி கிடைத்தது. லிண்டன் லேப் தந்த பழைய உடலில் மூட்டுகள் கூர்கூராக இருக்கும். விரல்களைத் தனித்தனியாக அசைக்க முடியாது. பயனர்களே இதைவிட நல்ல உடல்களையும் தலைகளையும் செய்து விற்கத் தொடங்கினார்கள். பழைய உடலை முழுவதுமாக மறைத்துவிட்டு, அதே இடத்தில் மெஷ் உடலை அணிந்துகொள்வதுதான் முறை. மைத்ரேயா, லெலுட்கா போன்ற பெயர்கள் இப்படித்தான் புகழ்பெற்றன. 2016 இறுதியில் லிண்டன் லேபின் பென்டோ திட்டம் அவதாரின் எலும்புக்கூட்டில் நூற்றுக்கு மேற்பட்ட எலும்புகளைச் சேர்த்தது. விரல் மடங்கியது, புருவம் உயர்ந்தது, சிறகும் வாலும் அசைந்தன. டிராகனாகவும் நரியாகவும் வலம் வருபவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் மெஷ் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. பழைய படத் தோல்கள் புதிய உடலில் நேரடியாக ஒட்டவில்லை. அதனால் ஓர் உடலுக்குள் மூன்று நான்கு உடல்களை வெங்காயத் தோல்போல அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை ஏற்றி விற்றார்கள். கணினி திணறியது. 2019இல் வந்த மாற்றம், ஒட்டி முடித்த படத்தை மெஷ் உடல்மீதே விழச் செய்து அந்தச் சுமையைக் குறைத்தது. இன்றும் அளவுக்கு மீறிய கனத்தோடு வரும் அவதார், பிறர் திரையில் நிறம் மட்டும் பூசிய வெற்று உருவமாகத் தெரியக்கூடும். முடியிலும் நகையிலும் நுணுக்கம் கூடக்கூட அந்தக் கனமும் கூடும்.

உடை வாங்கும்போது பார்க்க வேண்டியது, அது எந்த உடலுக்குத் தைத்தது என்பதை. ஒரு மெஷ் உடலுக்கென்று செய்த சட்டை இன்னோர் உடலில் தோள் பிதுங்கி நிற்கும். பெரும்பாலான கடைகள் இலவச மாதிரி தருகின்றன. போட்டுப் பார்க்காமல் வாங்குவது வீண் செலவு. விலை லிண்டன் டாலரில். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய 250 லிண்டன் டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தலை ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் போய்விடும். நகல் எடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குத் தரலாமா என்ற மூன்று அனுமதிகளையும் படித்துவிட வேண்டும். மாற்ற அனுமதி இல்லாத உடலமைப்பை வாங்கினால், மூக்கைக்கூடத் திருத்த முடியாது.

இவ்வளவு உழைப்பும் வெறும் அலங்காரத்துக்கு அல்ல. ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதார் தரப்பட்டவர்கள் பணம் பங்கிடும் பேரத்தில் அதிக உறுதியோடு நடந்துகொண்டார்கள். அழகிய முகம் தரப்பட்டவர்கள் எதிரில் இருப்பவரிடம் நெருங்கி நின்று தம்மைப் பற்றிக் கூடுதலாகப் பேசினார்கள். அணியும் உருவம் அணிபவரையும் மாற்றுகிறது. மானிடவியலாளர் டாம் பெல்ஸ்டார்ஃப் 2004 முதல் 2007 வரை செகண்ட் லைஃபுக்குள்ளேயே களப்பணி செய்து எழுதிய நூலும், அங்குள்ள வாழ்க்கையை உண்மையான ஒரு சமூகமாகவே எடுத்துக்கொண்டது. நிஜத்தில் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களில் சிலர் அங்கே நடனமாடுகிறார்கள்; வேறு சிலர் அந்த நாற்காலியையும் தங்கள் அடையாளமாக உள்ளே கொண்டு வருகிறார்கள். இரண்டுமே மதிக்கத்தக்க தேர்வுகள்.

புதிதாக நுழைபவர் முதல் நாளே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சென்ரா என்ற மெஷ் உடலை லிண்டன் லேப் இலவசமாகவே தருகிறது. அதில் பட்டைகளை நகர்த்திப் பழகுங்கள். திருத்தத் தொடங்கும் முன் உடலமைப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒருமுறை சேமித்துவிட்டால் பழைய எண்கள் திரும்பி வராது.