ஆறரை மணிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?

ராகலைப் பக்கத்து தேயிலை ஸ்டோர் ஒன்றின் கூரை முழுக்க சோலார் பேனல் பூட்டினால் என்ன ஆகும்? பகலில் பறித்த கொழுந்து வந்து சேர்ந்ததும் வாட்டுவதற்கான விசிறிகளைப் போடுவார்கள். அவை விடிய விடிய ஓடும். விடியும் முன்பே அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்டோர் கரண்டை அதிகம் இழுக்கும் அந்நேரத்தில் வெயில் இல்லை. நாட்டின் சோலார் இலக்கும் இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

2030இல் மின்சாரத்தில் 70 சதவீதத்தை நீர், காற்று, வெயில் போன்ற தீராத வளங்களிலிருந்து எடுப்பது இலங்கையின் இலக்கு. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில் இப்போது ஏறக்குறைய பாதி கிடைக்கிறது. பெரிய ஆறுகளில் அணை கட்டி முடிந்துவிட்டது. மீதியைக் காற்றும் வெயிலும்தான் தரவேண்டும்.

பேனல் பூட்டுவதில் நாம் பின்தங்கவில்லை. 2016இல் 'சூரிய பல சங்க்ராமய' என்ற கூரை சோலார் திட்டம் தொடங்கியபோது, 2025க்குள் 1,000 மெகாவாட் என்றார்கள். 2022இல் டொலர் இல்லாமல் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்த நாடு இது. அப்படியிருந்தும் கூரை சோலார் அந்த அளவைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி நிலையமே 900 மெகாவாட்தான். ஆனால் நிலக்கரி இரவும் பகலும் எரியும். பேனலுக்கு நண்பகலைச் சுற்றிய சில மணி நேரமே வேலை.

அந்தச் சில மணி நேரமே இப்போது சிக்கலாகியிருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதும் நாடே இருண்டது. குரங்கின் மேல் பழி போட்டு விட்டுவிடக்கூடாது. நீர், அனல் நிலையங்களில் பல தொன் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கும். எங்காவது ஒரு கோளாறு வந்தால், அந்த வேகமே சில விநாடிகள் தாக்குப்பிடித்து கட்டமைப்பைக் காப்பாற்றும். பேனலில் சுழல எதுவும் இல்லை. விடுமுறை நாள், பாவனை குறைவு, பெரும்பங்கு சோலார் என்ற நிலையில் அதிர்ச்சியைத் தாங்கப் போதிய பலம் இல்லாமற்போனது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரை சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. கடன் வாங்கிப் பேனல் பூட்டியவருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

பகலில் மிஞ்சுவதை மாலைக்குச் சேமிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பட்டரி. மாலை 6.30 முதல் 10.30 வரையான நேரத்தில் பட்டரியிலிருந்து தரும் மின்சாரத்துக்கு, பகல் விலையைப் போல இரு மடங்குக்கும் மேல் தர அரசு முன்வந்திருக்கிறது. இது சரியான முடிவு.

இன்னொரு வழி நம் மலைகளிலேயே இருக்கிறது. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கங்களில் பகலில் தண்ணீரைப் பிடித்துவைத்து இரவில் திறந்தால், வெயிலைச் சேமித்ததற்குச் சமம். ஆனால் மகாவலித் தண்ணீரை வயலுக்கும் உரிய நேரத்தில் விடவேண்டும், நினைத்தபடி பூட்டிவைக்க முடியாது. அதனால்தான் பகல் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் மகா ஓயா திட்டம் பேசப்படுகிறது. அது இன்னும் கட்டப்படவில்லை. அவ்வளவு பெரிய வேலை 2030க்குள் முடிவது நடக்கிற காரியமல்ல.

என் கணிப்பு இது: பேனல் கணக்கில் இலக்கை எட்டலாம். பட்டரி வேகமாக வராவிட்டால் 70 சதவீதத்தை எட்டமுடியாது.

இந்த சோலார் கணக்கில் தோட்டத்து லயங்களில் வாழும் மக்களுக்கு இடமே இல்லை. கூரை தோட்டத்துக்குச் சொந்தம். தன் கூரை என்று சொல்ல உரிமை இல்லாதவர் எதில் பேனல் பூட்டுவார்? 2025இல் இந்திய உதவியோடு 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குத் தலா 5 கிலோவாட் சோலார் தரும் திட்டம் தொடங்கியது. கோவில் கூரைக்குக் கிடைத்தது தோட்டத்து வீட்டுக் கூரைக்கும் கிடைக்க வேண்டும். காணி உறுதியோடு புது வீடு கேட்கும்போது, அதன் கூரையில் பேனலும் உள்ளே பட்டரியும் சேர்த்தே கேளுங்கள்.