தடுப்பூசியில் முன்னுரிமை: உங்கள் வருத்தம் பதிவில் இருக்கிறதா?



ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் பிறந்ததும் சங்க மண்டபத்திலும் கோயில் வாசலிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், பக்கத்து வீட்டுக்காரருக்கு புளூ ஊசிக்கு மெசேஜ் வந்திட்டுது. எனக்கு ஏன் வரேல்லை?" கேட்பவர் பெரும்பாலும் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினர். சலரோகத்துக்குக் குளிசை போடுபவர். குளிசையை யார் தந்தது என்று கேட்டால், "போன முறை ஊருக்குப் போனபோது கொழும்பில ஒரு பெரிய டொக்டரிட்டக் காட்டினனான். ஆறு மாசத்துக்கு வாங்கிக்கொண்டு வந்தனான்" என்பார். இங்குள்ள ஜி.பி.க்குச் சொன்னீர்களா என்றால், "அவைக்கு ஏன்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

அவருடைய கேள்விக்கான விடை அதுதான். ஊசிக்கு அழைக்கும் கடிதத்தையோ குறுஞ்செய்தியையோ வைத்தியர் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து அனுப்புவதில்லை. சேர்ஜரியின் கணினியில் உங்கள் பெயருக்குக் கீழே உங்கள் வருத்தங்கள் குறியீடுகளாகப் பதியப்பட்டிருக்கும். ஊசிக் காலம் வந்ததும் அந்தக் குறியீடுகளைத் தேடிப் பட்டியல் எடுப்பார்கள். குறியீடு இல்லாத சலரோகக்காரர் அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை ஒரு சுகதேகி.

இதை நாம் எல்லோரும் கண்கூடாகக் கண்டது கொவிட் காலத்தில். 2020 டிசம்பர் 8ஆம் திகதி பிரித்தானியாவில் ஊசி போடத் தொடங்கியபோது எல்லோருக்கும் போதிய மருந்து இருக்கவில்லை. ஆகவே மக்களை ஒன்பது குழுக்களாகப் பிரித்தார்கள். முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள் முதலாவது. 80 வயதைக் கடந்தவர்களும் என்னைப் போன்ற சுகாதார ஊழியர்களும் இரண்டாவது. 70 வயதானவர்களும், வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று கடிதம் பெற்ற கடும் நோயாளிகளும் நான்காவது. 16 வயதுக்கும் 64 வயதுக்கும் இடையில் நாட்பட்ட வருத்தம் உள்ளவர்கள் ஆறாவது. வேறு வருத்தம் இல்லாத 50 வயதுக்காரர் ஒன்பதாவது.

அந்த மாதங்களில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை இன்று நினைத்தாலும் மனம் களைத்துப்போகும். முன்னுக்கு ஊசி எடுக்க ஒரு கடிதம் தாருங்கள் என்று எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு இருந்தது குருதி அமுக்கம் மட்டும். பிரஷர் மட்டும் இருந்தால், அதனால் இதயம் பாதிக்கப்படாதவரை, அது ஆறாவது குழுவில் சேராது. புளூ ஊசிக்கும் இன்றுவரை அதே விதிதான். கொலஸ்ரோல் மட்டும் இருந்தாலும் அப்படியே. "இவ்வளவு காலம் உங்களிட்டத்தானே வாறன்" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆனால் உண்மையிலேயே முன்னுக்கு நின்றிருக்க வேண்டிய சிலர் எனக்குப் போன் எடுக்கவே இல்லை.

கணினியை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு 2021 பெப்ரவரியில் ஒரு வேடிக்கையான செய்தி வந்தது. லிவர்பூலில் வசிக்கும் 32 வயதான பத்திரிகையாளர் ஒருவர், ஒரு வருத்தமும் இல்லாதவர், ஊசிக்கு அழைக்கப்பட்டார். விசாரித்தபோது அவருடைய உயரம் 6 அடி 2 அங்குலம் என்பதற்குப் பதிலாக 6.2 சென்ரிமீற்றர் என்று பதியப்பட்டிருந்தது! உடற்பருமன் சுட்டெண் 28,000 என்று கணினி கணக்குப் போட்டிருந்தது. அதே மாதம் இங்கிலாந்தில் வயது, இனம், வருத்தங்கள், வசிக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, மேலும் 17 இலட்சம் பேரைக் கடும் ஆபத்துள்ளவர் பட்டியலில் சேர்த்தார்கள். அதுவும் பதிவில் இருந்த விபரங்களை வைத்துத்தான். பதிவில் இல்லாதவர் அங்கும் இல்லை.

வயிற்றில் இருந்த தழும்பு

இனி நான் எழுதப்போவது என்னுடைய தவறு. அந்த நோயாளியின் அனுமதியுடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

2021 பெப்ரவரியில் எங்கள் சேர்ஜரியில் பல வருடங்களாகப் பதிந்திருந்த ஒருவர் போன் எடுத்தார். வயது 52. மனைவிக்குச் சலரோகம், அவருக்கு ஊசிக்கு மெசேஜ் வந்துவிட்டது. "எனக்கு எப்ப டொக்டர் வரும்?" என்று கேட்டார். நான் கணினியைப் பார்த்தேன். பிரஷர் மட்டும் இருந்தது. "உங்களுக்கு வேற ஒன்றும் இல்லையே, வயதுப்படி வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன். மார்ச் நடுப்பகுதியில் ஐம்பதைக் கடந்தவர்களுக்குத் திறந்தபோது ஊசி எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் வயிற்று நோவென்று வந்தார். கட்டிலில் படுக்கவைத்துச் சேட்டை உயர்த்தினால், நெஞ்சுக்குக் கீழே இருந்து தொப்புளைத் தாண்டி ஒரு நீண்ட தழும்பு.

"இது என்ன?"

"அது ஷெல் பட்டது டொக்டர். எண்பத்தேழில."

"உள்ளுக்கு என்ன எடுத்தவை?"

"ஈரல் என்று சொன்னவை."

பழைய கோப்பைத் தேடினேன். அவர் 1990களில் முதன்முதலில் பதிந்த சேர்ஜரியில் யாரோ மொழிபெயர்த்து, ஈரலில் சத்திரசிகிச்சை, இலங்கை என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். குறியீடு எதுவும் இல்லை. ஈரலை முழுதாக எடுத்துவிட்டு ஒருவர் முப்பது வருடம் உயிரோடு இருக்க முடியாது. எடுத்தது மண்ணீரல். ஊரில் பலர் அதையும் சுருக்கமாக ஈரல் என்றுதான் சொல்வார்கள். ஷெல் துண்டு இடப்பக்க விலாவுக்குக் கீழே பட்டால் மண்ணீரல் கிழிந்து இரத்தம் கொட்டும். அதை எடுத்துவிடுவதே உயிரைக் காப்பாற்றும் வழி. வசதி குறைந்த அந்த நாட்களில் அதைச் செய்து அவரைப் பிழைக்கவைத்த சத்திரசிகிச்சை நிபுணருக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் சில பக்ரீரியாக்கள் இரத்தத்தில் புகுந்தால் அவற்றை வடிகட்டி அழிப்பதற்கு ஆளில்லை. காலையில் சாதாரண காய்ச்சல்போலத் தொடங்கி ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். இந்த ஆபத்து சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் சில வருடங்களில் அதிகம். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் விட்டுப்போவதில்லை. இவர்களுக்கு நியூமோகொக்கல் ஊசி, மூளைக்காய்ச்சல் ஊசிகள், வருடாவருடம் புளூ ஊசி என்பன அவசியம். பெனிசிலின் குளிசையும் வீட்டில் இருக்க வேண்டும். கொவிட் காலத்தில் இவர்கள் நான்காவது குழு. என்னிடம் போனில் கேட்ட அன்று அவர் அந்தக் குழுவில் நின்றிருக்க வேண்டியவர்.

ஒரு மாதம் பிந்தியதை விடுங்கள். 34 வருடங்களாக ஒரு நியூமோகொக்கல் ஊசிகூட இல்லாமல், காய்ச்சல் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் தப்பியது அதிர்ஷ்டம். அவருடைய பிரஷரை நான் எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். ஒருநாளும் வயிற்றைப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து துண்டுக் கடதாசி ஒன்றும் தேவைப்படவில்லை. மண்ணீரல் இல்லாதவரின் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் சிறு புள்ளிகள் தெரியும். ஸ்கான் எடுத்தால் மண்ணீரல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இரண்டையும் செய்தோம். குறியீடு போட்டோம். இப்போது பேர்சில் எச்சரிக்கை அட்டை ஒன்று வைத்திருக்கிறார்.

எம்மவர்களில் ஷெல், குண்டு, சன்னம் பட்டு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், என்ன எடுத்தார்கள் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தழும்பை உங்கள் ஜி.பி.யிடம் காட்டச் சொல்லுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். போனதும் முதல் வார்த்தையாக மண்ணீரல் இல்லை என்று சொல்ல வேண்டும். மலேரியாவும் இவர்களுக்கு மிகக் கடுமையாக வரும். இலங்கையில் மலேரியா ஒழிக்கப்பட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தியாவுக்குத் தலயாத்திரை போகிறவர்கள் அப்படி நினைத்துவிடாமல், புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் சொல்லாமல் விடுகிறோம்?

1990 இல் நான் இங்கு அகதியாக வந்து முதன்முதலில் சேர்ஜரியில் பதிந்தபோது ஒரு படிவம் தந்தார்கள். முன்னர் வந்த வருத்தங்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எனக்கு மலேரியா இரண்டு தடவை, நெருப்புக் காய்ச்சல் ஒரு தடவை வந்திருந்தது. வருத்தக்காரன் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூட இருந்த அண்ணை ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மையில்லை. ஆனால் அன்று நான் நம்பினேன். அந்தப் பயத்தில் எழுதப்பட்ட 'இல்லை' இன்னும் எத்தனை பேருடைய கோப்பில் கிடக்கிறதோ.

இப்போது காரணங்கள் வேறு. மகளுக்குக் கலியாணம் பேசும் நேரம் தகப்பனுக்குச் சலரோகம் என்று வெளியே தெரியக்கூடாது. மகனுக்கு வலிப்பு என்று அயலுக்குத் தெரியக்கூடாது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளையின் பெயரை அதற்குரிய பதிவேட்டில் சேர்க்கத் தாய்க்கு மனம் வராது. அந்தத் தாயின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2021 பெப்ரவரி கடைசியில் அந்தப் பதிவேட்டில் இருந்த வயதுவந்த எல்லோரையும் ஆறாவது குழுவில் எடுத்தபோது, பெயர் இல்லாத பிள்ளைகளின் குடும்பங்கள் ஒவ்வொரு இடமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஜி.பி.யிடம் சொன்னது ஊருக்குப் போகாது. வரவேற்பு மேசையில் தமிழர் வேலை செய்தாலும் வெளியே சொல்லுவது அவருடைய வேலைக்கே ஆபத்து.

மொழியும் ஒரு தடை. மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்து தரும். பத்து வயது மகனைக் கூட்டிவந்து தாயின் கருப்பைச் சத்திரசிகிச்சையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இன்றைய நிலை

நான் எழுதுவது இங்கிலாந்தின் விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சிறு மாற்றங்கள் இருக்கும்.

2020 இல் இருந்து மூன்று குளிர்காலங்கள் 50 வயதைக் கடந்த எல்லோருக்கும் புளூ ஊசி இலவசமாகக் கிடைத்தது. 2023 இல் அது நின்றுவிட்டது. இப்போது 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வருத்தம் பதிவில் இருந்தால்தான் அழைப்பு வரும். ஆகவே முன்னரைவிட இப்போது பதிவு முக்கியம். சலரோகம் (சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருந்தாலும்), இதய நோய், 3ஆம் நிலையில் இருந்து சிறுநீரக நோய், நாட்பட்ட ஈரல், சுவாசப்பை நோய்கள், பாரிசவாதம், மண்ணீரல் இல்லாமை, நோயெதிர்ப்புச் சக்தி குறைவு, கற்றல் குறைபாடு, உடற்பருமன் சுட்டெண் 40க்கு மேல், கர்ப்பம் எல்லாம் இதில் அடங்கும். சலரோகத்தின் எல்லையில் நிற்பது அடங்காது. வருத்தக்காரரைப் பராமரிப்பவருக்கும் உண்டு. அதையும் பதிய வேண்டும்.

தொய்வு பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீரொயிட் உள்ள பம் பாவிப்பவர்களுக்குத்தான் புளூ ஊசி. எம்மவர் பலர் மண்ணிறப் பம்மைக் கைவிட்டு நீலத்தை மட்டும் இழுப்பார்கள். அப்படியானால் பட்டியலில் இருந்தும் விழுந்துவிடுவீர்கள். அதைவிட, நீலத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. 2024 இல் வந்த வழிகாட்டலும் தொய்வுக்கு அதை மட்டும் கொடுக்கக்கூடாது என்கிறது.

கொவிட் ஊசி இப்போது சலரோகத்துக்காகக் கிடைப்பதில்லை. 2025 இலையுதிர் காலத்தில் இருந்து 75 வயதானவர்கள், முதியோர் இல்லத்தில் வசிக்கும் முதியவர்கள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய் மருந்து ஏற்றுபவர்கள், மூட்டுவாதத்துக்குக் கடும் மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த மருந்துகளை ஆஸ்பத்திரி நேரடியாகத் தருவதால் அவை பல வேளைகளில் ஜி.பி.யின் மருந்துப் பட்டியலில் இருப்பதில்லை. அழைப்பு வராவிட்டால் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். அது வரிசையில் இடையில் புகுவது அல்ல. உங்களுடைய இடமே அதுதான்.

ஓகஸ்ட் மாதத்திலேயே ஒருநாள் ஒதுக்கி, என்.எச்.எஸ். செயலியில் உங்கள் பதிவைத் திறந்து பாருங்கள். முடியாதவர்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், அல்லது வரவேற்பு மேசையில் கேளுங்கள். ஊரில் வாங்கும் குளிசைகளைப் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். தகப்பன் பெயர் ஒரு கோப்பில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்து, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் இருப்பதையும் கண்டிருக்கிறேன். பத்து இலக்க என்.எச்.எஸ். இலக்கம் ஒன்றுதானா என்று பாருங்கள். படிவத்தில் அன்று 'இல்லை' என்று எழுதியிருந்தால் இன்று திருத்தலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நான் என்னுடையதைத் திருத்தியது வைத்தியனாகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான்.