எங்கே இடிக்கிறது?

கேமிங் கம்ப்யூட்டர் திணறினால் இளைஞர்களின் கை முதலில் போவது கிராபிக்ஸ் கார்டுக்கு. பல சமயம் குற்றவாளி வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறான். மட்டாஞ்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் அவனுக்குக் கூட்டு.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலக்காயும் மணக்கும் கிடங்குகளுக்கு ஒருகாலத்திலும் பஞ்சமிருந்ததில்லை. சுமக்க ஆள் இருந்தது. வாங்க உலகமே காத்திருந்தது. ஆனாலும் 1920களின் பிற்பகுதிவரை பெரிய கப்பல்கள் கொச்சிக் காயலுக்குள் நுழைய முடியவில்லை. துறைமுக வாயிலில் குறுக்கே கிடந்த மணல் திட்டுதான் காரணம். கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கு படகுகளில் போய்வந்தது. பருவமழை கொந்தளிப்பில் அதுவும் முடங்கும். 1920-ல் வந்துசேர்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கிடங்குகளைப் பெரிதாக்குவதில் நேரத்தைச் செலவிடவில்லை. மணல் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே 26-ம் தேதி ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது.

பஜாரைச் சுற்றியுள்ள சந்துகளின் ஓட்டு வீடுகளில் இன்று கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் இதே புதிர்தான். எல்லாப் பாகங்களும் இருக்கின்றன. பணமும் கொட்டியாகிவிட்டது. ஆனால் திரையில் துப்பாக்கி தூக்கியவன் இரண்டடி ஓடுவதற்குள் விக்கி நிற்கிறான். மணல் திட்டு எங்கே?

கேள்வி விளையாட்டுத்தனமானது அல்ல. நடுத்தர ரக கிராபிக்ஸ் கார்டே 25,000 ரூபாயைத் தாண்டுகிறது. மளிகைக் கடையிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் வேலை பார்க்கும் குடும்பங்களில் அது ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். தவறான பாகத்தை மாற்றினால் பணமும் போச்சு, திணறலும் தீராது. கம்ப்யூட்டர் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக நடந்த இ-ஸ்போர்ட்ஸில் குஜராத்தின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. இ-ஸ்போர்ட்ஸுக்கோ அங்கீகாரம் அளித்தது.

இருவர் இழுக்கும் வண்டி

திரையில் தெரியும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது, சுவர் எப்படி இடிந்து விழும் என்றெல்லாம் கணக்குப் போடுவது பிராசஸர். அந்தக் கணக்கை வாங்கி வண்ணம் தீட்டித் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. செகண்டுக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட்தான்.

பிராசஸர் ஒரு படத்துக்கு 20 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்கிறது, கிராபிக்ஸ் கார்டு 10-ல் முடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கிடைப்பது செகண்டுக்கு 50 படம். இரண்டு மடங்கு வேகமான கார்டு வாங்கிப் போட்டால்? அப்போதும் 50 படம்தான். புதுக் கார்டு 5 மில்லி செகண்டில் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த உண்மைக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். ஐ.பி.எம். பொறியாளர் ஜீன் ஆம்டால் 1967-ல் சொன்ன வாதத்தின் சாரம் எளிமையானது: வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், வேகமாக்கப்படாத பகுதி மொத்த நேரத்துக்கு வரம்பு கட்டிவிடும். மொத்த நேரத்தில் 40 சதவீதத்தை ஒரு பகுதி எடுத்துக்கொண்டால், மற்றதையெல்லாம் மின்னல் வேகத்துக்குக் கொண்டுபோனாலும் மொத்த வேகம் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறாது.

காசில்லாத சோதனை

பலவீனமானவர் யார் என்று கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் படத்தின் துல்லியத்தைக் குறைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். 1080பி திரையில் அதில் கால் பங்கு, 20,73,600. புள்ளிகள் குறைந்தால் கிராபிக்ஸ் கார்டின் சுமை குறையும். பிராசஸரின் கணக்கு அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவே துல்லியத்தைக் குறைத்ததும் வேகம் எகிறினால் இடிப்பது கார்டு. குறைத்தும் அசையாவிட்டால் சந்தேகம் பிராசஸர் பக்கம் திரும்ப வேண்டும்.

விண்டோஸின் டாஸ்க் மானேஜர் இன்னொரு சாட்சி. ஆட்டத்தின்போது கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் அது தன் முழுத் திறனைக் கொடுக்கிறது என்று பொருள். 60, 70 சதவீதத்தில் சோம்பி நின்றால் வேறு யாரோ அதைக் காக்கவைக்கிறார்கள். (ஆட்டத்தின் அமைப்பிலேயே வேகத்துக்கு வரம்பு போட்டிருந்தாலும் இப்படித்தான் தெரியும், முதலில் அதை நீக்க வேண்டும்.)

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பிராசஸர் 20 சதவீதம்தான் உழைக்கிறது என்று திரை காட்டும். உடனே அதை நிரபராதி என்று விட்டுவிடுவார்கள். எட்டு கோர் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு கோர் மூச்சுமுட்ட உழைத்து, மற்ற ஏழும் சும்மா இருந்தால் சராசரி 12.5 சதவீதம்தான் வரும். பல ஆட்டங்கள் முக்கிய வேலையை ஒன்றிரண்டு கோர்கள் தலையில்தான் கட்டுகின்றன. ஆகவே மொத்தக் கணக்கை நம்பாமல் ஒவ்வொரு கோரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சராசரியின் பொய் வேகக் கணக்கிலும் உண்டு. செகண்டுக்கு 90 படம் என்று சராசரி சொல்லும். ஆனால் நடுவில் ஒரு படம் கால் செகண்ட் தாமதித்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த விக்கல்தான். இப்படி விட்டுவிட்டு வரும் விக்கல்களுக்குப் பெரும்பாலும் நினைவகமோ டிஸ்க்கோ பொறுப்பு. 8 ஜிபி ராம் நிரம்பி வழிந்தால் கம்ப்யூட்டர் டிஸ்க்கைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தும். செகண்டுக்கு 100 முதல் 200 மெகாபைட் தரும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இந்தச் சுமையில் திக்குமுக்காடும். சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550 மெகாபைட் தரும், என்.வி.எம்.இ. ரகங்களில் வேகமானவை 7,000-ஐயும் தாண்டும். கார்டின் சொந்த நினைவகம் நிரம்பினாலும் இதே விக்கல் வரும். அப்போது படத்தின் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினாலே குணமாகும்.

ராமில் செலவில்லாத தவறு ஒன்றும் உண்டு. இரண்டு 8 ஜிபி ஸ்டிக் வாங்கியவர் அவற்றை மதர்போர்டில் தவறான துளைகளில் செருகியிருப்பார். இரட்டை வழியில் போக வேண்டிய தகவல் ஒற்றை வழியில் ஊர்ந்துகொண்டிருக்கும். 3,200 வேகத்துக்கு விற்கப்பட்ட ராம், பயாஸில் எக்ஸ்.எம்.பி. அமைப்பைத் திறந்துவிடாததால் 2,133-லோ 2,400-லோ ஓடிக்கொண்டிருக்கும். மதர்போர்டுக் கையேட்டின் ஒரு பக்கத்தைப் படித்தால் தீரும் வியாதி.

இந்தக் கவனம் இப்போது முன்னைவிட முக்கியம். செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவக சிப்கள் திருப்பிவிடப்பட்டதால் 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ‘குருஷியல்’ பெயரில் பொதுமக்களுக்கு விற்கும் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. இருக்கும் ராமை ஒழுங்காக ஓடவைப்பதே லாபம்.

யாரும் பார்க்காத பெட்டி

கேபினெட்டின் மூலையில் கிடக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பற்றி யாரும் பெருமையடிப்பதில்லை. பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். எழுதியிருக்கும் வாட்டைத் தர முடியாத மலிவுப் பெட்டிகள், இணையம் பார்க்கும்வரை நல்ல பிள்ளையாக இருக்கும். கனமான ஆட்டம் துவங்கி கார்டு மின்சாரத்தை இழுக்கும் கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழும். இந்தக் குறி தெரியாமல் கார்டையே குறைசொல்லி மாற்றுகிறவர்கள் உண்டு. பெட்டி மோசமாகச் செத்தால் மதர்போர்டையும் கூடவே அழைத்துப்போகும்.

மின்வெட்டு உள்ள நம் ஊர்களில் இன்னொரு சிக்கல் வீட்டு இன்வெர்ட்டர். கரண்ட் போன பிறகு எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாக்குப்பிடிக்கும். விசிறிக்கும் விளக்குக்கும் என்று அமைக்கப்பட்ட இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ். என்று குறிக்கப்பட்ட சிறு சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளிவிட்டாலே பலருக்குப் பிரச்னை தீரும்.

பழைய வீடுகளில் எர்த் கம்பியும் கவனிக்க வேண்டியது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி வழியே கசியும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை என்று பொருள். இதற்கு எலெக்ட்ரீஷியன்தான் தேவை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

காயல் காற்று

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. ஜூனில் துவங்கும் பருவமழையில் துணியே காயாது. கம்ப்யூட்டர் மட்டும் எப்படித் தப்பும்? ஈரத்தோடு வரும் உப்பு, செம்பையும் ஈயப் பற்றையும் மெல்ல அரிக்கிறது. விசிறி இழுத்துவரும் தூசி ஈரத்தில் குழைந்து ஹீட் சிங்கின் இடுக்குகளில் அப்பிக்கொள்கிறது. பிராசஸரின் வெப்பம் 95, 100 டிகிரி செல்ஷியஸை நெருங்கினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் துவங்கிப் பத்து நிமிடம் சிட்டாய்ப் பறந்து பிறகு ஆமையாகும் கம்ப்யூட்டருக்குப் புதுப் பாகம் தேவையில்லை. ஒரு தூரிகையும் ஒரு குப்பி தெர்மல் பேஸ்ட்டும் போதும்.

கடலோர டெக்னீஷியன்களின் பழைய வைத்தியம் பென்சில் ரப்பர். ராமைக் கழற்றி அதன் தங்க முலாம் பூசிய முனைகளை மெதுவாகத் துடைத்துத் திரும்பச் செருகினால், செத்துவிட்டதாக நினைத்த கம்ப்யூட்டர் எழுந்து உட்காருவதுண்டு. மழைக்காலத்தில் நாட்கணக்கில் மூடிவைக்காமல் அவ்வப்போது ஓடவிட்டால், உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும்.

வாங்குமுன் ஐந்து சோதனை

● துல்லியத்தைக் குறைத்தால் வேகம் ஏறுகிறதா? கார்டு பலவீனம். ஏறவில்லையா? பிராசஸர்.
● சராசரி நன்றாக இருந்தும் விக்கல் வருகிறதா? ராம், டிஸ்க், கார்டின் நினைவகம்.
● பத்து நிமிடம் கழித்து வேகம் சரிகிறதா? சூடு. தூசி தட்டவும்.
● கனமான ஆட்டத்தில் மட்டும் அணைந்து எழுகிறதா? எஸ்.எம்.பி.எஸ்.
● ஒரே ஆட்டத்தில் மட்டும் தொல்லையா? அந்த ஆட்டத்தின் மென்பொருளே காரணமாக இருக்கலாம்.

கம்பெனியும் தவறும்

எல்லாப் பழியும் வாங்கியவர் தலையில் விழ வேண்டியதில்லை. 1994-ல் பென்டியம் சிப் வகுத்தல் கணக்கில் பிழை செய்தது அம்பலமாக, இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. 2000-ங்களின் துவக்கத்தில் பல மதர்போர்டுகளின் கெபாசிட்டர்கள் வீங்கி வெடித்தன. 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைந்தன. நிறுவனம் ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் பயாஸைப் புதுப்பித்தவர்களுக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே கெட்ட சிப்பை அது குணப்படுத்தாது. பில்லைப் பத்திரமாக வைத்திருப்பதும் ஒருவகைப் பராமரிப்புதான்.

ஒரு திட்டை வெட்டினால் அடுத்தது தலைதூக்கும். மணல் திட்டு போன பிறகு வில்லிங்டன் தீவுக்கும் மட்டாஞ்சேரிப் பக்கத்துக்கும் இடையே லாரிகளுக்குப் பல்லாண்டுகள் ஒரே ஒரு குறுகிய பாலம். அடுத்த பாலம் 2001-ல்தான் வந்தது. புதுக் கார்டு போட்டால் பிராசஸர் இடிக்கும். அதையும் மாற்றினால் எஸ்.எம்.பி.எஸ். முணுமுணுக்கும். பலவீனமான பாகமே இல்லாத கம்ப்யூட்டர் கிடையாது.

எங்கே நிறுத்துவது என்பதற்குத் திரையே விடை சொல்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் செகண்டுக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. கம்ப்யூட்டர் 140 படம் தயாரித்தாலும் பெரும்பகுதி கண்ணுக்கு வந்துசேராது. ஆட்டம் விக்காமல் 60-ல் ஓடினால் சாதாரணமாக விளையாடுகிறவருக்கு அது போதும். 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரிக்கும் வாட்டர் மெட்ரோ வந்துவிட்டது. காயலைத் தாண்டி எர்ணாகுளத்தின் பென்டா மேனகா கடைகளுக்குப் போவது இப்போது சுலபம். சென்னை ரிச்சி தெருவானாலும் டெல்லி நேரு பிளேஸானாலும் கடைக்காரர் விற்க நினைப்பது ஸ்டாக்கில் இருப்பதைத்தான். எது பலவீனம் என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு போகிறவரிடம்தான் பேரம் பேசும் பலம் இருக்கும்.