நாக்கு போன வழி – 14: பாகு பேசும் ஊர்

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவோடு போன வாரம் நிறுத்தினோம். வாத்தியார், வங்கிக்காரர், மருந்துக்கடை அண்ணன், நான் என்று இந்த நால்வர் அணி எதற்காக மதுரையில் தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்தது என்பதெல்லாம் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைப் பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரம் தூத்துக்குடி மக்ரூன் என்று அறிவித்தாகிவிட்டது. மக்ரூன் எங்கும் ஓடிவிடாது. வழியில் கோவில்பட்டி இருக்கிறது. அதைப் பேசாமல் தாண்டிப் போகிறவர்கள் வேறு ஏதாவது தொடர் எழுதட்டும்.

அதற்கும் முன்னால் சாத்தூர். ரயில் அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் வெள்ளரிக்காய்க் கூடைகள் ஜன்னலோரம் வந்துவிடுகின்றன. பிஞ்சுக் காயை நாலாகக் கீறி, அடியில் பிளந்துவிடாமல் விட்டு, இடுக்கில் மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிக் கையில் தருகிறார்கள். வைப்பாறு ஓடும் ஊர் அது. ஓடும் என்பது ஆற்றுக்குக் கொடுக்கிற மரியாதை. வாத்தியார் மேல்துண்டை மடியில் விரித்து, அதில் காராசேவைக் கொட்டினார். பூண்டும் மிளகாயும் தூக்கலாக, விரல் பருமனில் மொறுமொறுவென்று இருக்கிற அந்தக் காராசேவை ஒரு கடி, வெள்ளரிக்காயை ஒரு கடி. காரம் ஏற ஏறத் தணிக்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஜோடியைச் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் சிலை வைக்கலாம்.

“இந்த ஊர்லதான்யா பேனா நிப்பு செஞ்சாங்க” என்றார் வாத்தியார், வாய் நிறையச் சேவோடு. உண்மைதான். சாத்தூர் நிப்பு ஒரு காலத்தில் பேர் பெற்ற சரக்கு. குடிசைத் தொழிலாக எத்தனையோ வீடுகளில் நடந்தது. பால்பாயிண்ட் பேனா வந்து அதற்குச் சமாதி கட்டியது. “நான் சிவப்பு மையில போட்ட சுழி அத்தனையும் சாத்தூர் நிப்புல போட்டதுதான்” என்று வாத்தியார் பெருமூச்சு விட்டார். அந்தச் சுழிகளில் சில தன்னுடைய கணக்கு நோட்டில் விழுந்தவை என்பதால் வங்கிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் தேறாதவர் வங்கியில் சேர்ந்து முதுநிலை மேலாளராக ஓய்வு பெற்ற கதையைத் தனியாக எழுதலாம். ஆசிரியர் இலாகா பக்கம் ஒதுக்கினால்.

கோவில்பட்டியில் மருந்துக்கடை அண்ணன், “ரெண்டே ரெண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிட்டு ஓடி வந்துர்றேன்” என்று இறங்கினார். வண்டி ஊதியது. ஆள் வரவில்லை. அவருடைய பை எங்களிடம் இருந்தது. எங்கள் நாலு பேருடைய மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் அவர் கையில் இருந்தது. பையை நம்பி அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கலாம்தான். சாப்பாட்டை நினைத்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் குதித்தோம்.

அண்ணனைக் கடைத்தெருவில் பிடித்தோம். ஒரு கடலைமிட்டாய்க் கடை வாசலில் நின்று, ருசி பார்க்கக் கொடுத்த துண்டை மென்றபடி, இதில் போட்டிருப்பது மண்டை வெல்லமா அச்சு வெல்லமா என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியமே படவில்லை. “வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அண்ணாச்சி பின்னாடி அடுப்பைக் காட்டுறேன்னு சொல்றாங்க” என்றார்.

இனி வருவதுதான் இந்த வாரத்துச் சரக்கு. வியாழக்கிழமை மாலைக்குள் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது புதன் இரவு. என் தலைக்குள் வெல்லப்பாகு தவிர வேறெதுவும் இல்லை.

கடைக்குப் பின்னால் தாழ்வான கூடம். ஒரு பக்கம் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை, பருப்பு பருப்பாக உடைந்து குவிந்து கிடந்தது. கரிசலில் மழையை நம்பி விளைகிற கடலை. அருப்புக்கோட்டை, கழுகுமலைப் பக்கத்து வரவு. இன்னொரு பக்கம் அகலமான இரும்புச் சட்டியில் வெல்லம் கொதித்தது. கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றிய பாகு. முதலில் நுரை பெரிது பெரிதாகக் கிளம்பி உடைந்தது. போகப் போக நுரை சிறுத்து, சட்டி முழுக்க ஒரே சீராக, சோம்பலாகக் குமிழ்விட்டது. பாகு மாஸ்டர் தெர்மாமீட்டர் எதையும் தொடவில்லை. பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் கரண்டி நுனியால் ஒரு சொட்டு விட்டார். விரலால் எடுத்து உருட்டினார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கிண்டினார். கொஞ்சம் கழித்து இன்னொரு சொட்டு. அதை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினார்.

டங்.

“கேக்குதா அண்ணாச்சி? இந்தச் சத்தம் வந்தாத்தான் எறக்கணும். வரலேன்னா பல்லுல ஒட்டும். கொஞ்சம் கூடிப் போச்சுன்னா கசந்துரும்” என்றார். அடுத்த நிமிடம் அந்தக் கூடத்தில் நின்று பேச முடியவில்லை. கடலை பாகில் விழுந்தது, இருவர் கிளறினார்கள், கலவை பலகைக்குப் போனது, கட்டை உருண்டது, கத்தி கோடு கிழித்தது. மேலே வண்ணத் தேங்காய்ப் பூ கொஞ்சம் தூவினார்கள், ரோஸ், பச்சை, மஞ்சள். எல்லாம் பாகு இறுகுவதற்குள். ஆறிப்போன பிறகு வெட்டினால் துண்டு வராது, தூள்தான் வரும்.

அந்த ‘டங்’ என்னைத் தூங்கவிடவில்லை. ஊருக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். சர்க்கரைப் பாகு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அதில் தண்ணீர் ஒரு சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் சட்டென்று ஆறினால், சர்க்கரை பழையபடி அணிவகுத்துப் படிகமாக நிற்க நேரம் கிடைப்பதில்லை. நின்ற இடத்தில் நின்றபடி உறைந்துவிடுகிறது. விஞ்ஞானத்தில் அந்த நிலைக்குக் கண்ணாடி என்றே பெயர். வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையோடு கொஞ்சம் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கின்றன. அவை நடுநடுவே புகுந்து படிகம் சேரவிடாமல் தடுக்கின்றன. ஆக, நாம் கடலைமிட்டாய் என்று கடிப்பது கடலை பதித்த ஒரு கண்ணாடி. கண்ணாடியைத் தட்டினால் டங் என்றுதானே கேட்கும்?

வங்கிக்காரரிடம் நள்ளிரவில் போன் செய்து இதைச் சொன்னேன். “கண்ணாடியைத் தின்னவா அவ்வளவு தூரம் போனோம்?” என்று வைத்துவிட்டார்.

இந்தக் கண்ணாடிக்கு ஒரு பரம எதிரி உண்டு: ஈரக்காற்று. படிகம் சேரவிடாமல் உதவிய அதே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் இறுக்கம் தளரும், பிசுபிசுக்கும், பிறகு காகிதத்தோடு சேர்த்துத்தான் தின்ன வேண்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் டப்பாவைத் திறந்து வைத்துப் பார்த்தால் தெரியும். இங்கே என் பழைய வெறிக்கு வருகிறேன். ஒரு தின்பண்டம் ஏன் ஒரு ஊரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்பதுதானே இந்தத் தொடரின் முதல் வாரத்திலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பது? கோவில்பட்டி விஷயத்தில் தண்ணீரைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. தாமிரபரணித் தண்ணீரின் ருசி என்கிறார்கள். கரிசல் கடலை என்கிறார்கள். இரண்டையும் மறுக்கவில்லை. என் ஓட்டு வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும்தான்.

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். இதே வெயிலில்தான் தீப்பெட்டி பிறந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அடுத்த ஆண்டே ஊரில் தொடங்கினார்கள். குச்சி காய வேண்டும், மருந்து நமுத்துப் போகக் கூடாது. மழை அதிகம் எட்டிப் பார்க்காத ஊர் அதற்கு வசதி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. இன்னும் தென்கிழக்கே போனால் தூத்துக்குடியில் உப்பளம். அங்கேயும் முதலாளி வெயில்தான். விவசாயியைக் கைவிட்ட வானம் தீப்பெட்டிக்கும் உப்புக்கும் கடலைமிட்டாய்க்கும் மட்டும் கை கொடுத்திருக்கிறது. வானத்துக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று கரிசல்காரர்கள் முடிவு செய்யட்டும்.

கடலைமிட்டாய் ஒன்றும் ஆதிகாலத்துப் பண்டம் அல்ல. நிலக்கடலையே தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. கிராமங்களில் திருவிழாச் சமயத்தில் கருப்பட்டிப் பாகில் கடலையைப் போட்டுக் கிளறித் தின்றிருக்கிறார்கள். 1940களில் கோவில்பட்டிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்துக்கு மாறி, அதைக் கடைச் சரக்காக்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கோவில்பட்டியையும் அதன் சுற்று வட்டாரத்தையும் விட்டு வேறெங்கோ செய்து, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று சீட்டு ஒட்ட முடியாது. சட்டப்படி முடியாது என்று சொல்கிறேன்; நெடுஞ்சாலை மோட்டல்களில் நடப்பது வேறு கதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. தபால் துறை இதைக் கையில் எடுத்தது. தபால்காரரிடம் பணம் கட்டினால் மிட்டாய் வீடு தேடி வரும் என்று ஒரு ஏற்பாடு. மணியார்டரும் கடுதாசியும் கொண்டுவந்த கை கடலைமிட்டாய் கொண்டுவந்தால் எந்த வீட்டு நாய்தான் குரைக்கும்?

கடையில் வாங்கி முடித்தபோது அடுத்த வண்டிக்கு நிறைய நேரம் இருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தோம். புளியோதரை. மேலே ஒரு கடலைமிட்டாய்த் துண்டை நொறுக்கித் தூவிப் பார்க்கலாம் என்று அண்ணன் யோசனை சொன்னார். வாத்தியார் பார்த்த பார்வையில் யோசனை வாபஸ் ஆனது. வாத்தியாருக்கு அந்த ஊரில் வேறு வேலை இருந்தது. அவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பக்தர். பக்கத்தில் இடைசெவல் இருக்கிறது. கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த கிராமம். ஒரே சின்னக் கிராமத்தில் பிறந்த இரண்டு கூட்டாளிகளுக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்திருக்கிறது. கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. “ஒரு ஆட்டோ பிடிச்சா ரெண்டையும் பாத்துரலாம்” என்றார் வாத்தியார்.

“வாத்தியாரே, மக்ரூன்?” என்றார் வங்கிக்காரர்.

“மக்ரூன் ராத்திரியும் கிடைக்கும்.”

இடைசெவலுக்குப் போனோமா, எந்த வண்டியைப் பிடித்தோம், வாஞ்சி மணியாச்சியில் இறங்கி நின்றபோது அண்ணன் 1911இல் அங்கே நடந்த கலெக்டர் ஆஷ் கொலையைப் பற்றி ஒரு கல்லூரிப் பையனிடம் பிரசங்கம் செய்து எப்படி மாட்டிக்கொண்டார் என்பதெல்லாம் அடுத்த வாரம். அதோடு சேர்த்து, முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் கூடி எப்படிக் கூம்பாகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடம் பற்றினால்.

ஒரு வாசகி எழுதியிருந்தார்: பயணத்தில் வாங்கி வரும் கடலைமிட்டாய் வீட்டுக்கு வருவதற்குள் வளைந்துபோகிறதே, என்ன செய்வது? வாங்கும்போதே ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள் அம்மா. டக்கென்று முறிந்தால் வாங்குங்கள். வளைந்து கொடுத்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே நீர் பூத்து, பாகு மாஸ்டரின் பாடு அத்தனையும் பாழாகும்.